மணல் தோட்டத்தை இயற்கை வழிக்கு மாற்றுதல்: கிணறு, குழை, கணக்கு

கற்பிட்டிப் பக்கம் இயற்கை முறையில் தோட்டம் செய்ய முடிவெடுத்த குடும்பம், எருவைத் தேடிப் போவதற்கு முன்னால் தன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதை முதல் வேலையாகச் சொல்லக் காரணம் இந்த மண். பாலாவியில் பிரிந்து நுரைச்சோலை, ஏத்தாளை வழியாகக் கற்பிட்டிப் பட்டினம் வரை நீளும் நிலத்துக்கு மேற்கே கடல், கிழக்கே களப்பு. நடுவில் இருப்பது மணல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை அந்த மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்த மிதக்கும் நீரைத்தான். மேலே ஓரடி நன்னீர் குறைந்தால் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறும் என்பது நிலத்தடி நீர் பற்றிய பழைய கணக்கு. நீர் வற்றுகிறது என்று கிணற்றை ஆழப்படுத்துகிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் கிடைப்பது இதனால்தான்.

மணலில் போட்ட யூரியா பயிரின் வேரடியில் அதிக நாள் தங்காது. மண் அதை நைட்ரேட்டாக மாற்றும். அடுத்த தடவை ஸ்பிரிங்ளர் போட்டதும் அந்த நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். கற்பிட்டியில் வெங்காயமும் மிளகாயும் நெருக்கமாகச் செய்யப்படும் இடங்களின் கிணறுகளில் நைட்ரேட் அளவு மீறிக் கிடப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பதே உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை. அதற்கு மேல் உள்ள தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழக்கக்கூடும். உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிப் போகும், நைட்ரேட் போகாது, அதன் செறிவு கூடும். வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் சோதனை முடிவு வரும் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்காதீர்கள்.

நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டி நைட்ரேட்டையும் உவரையும் பார்த்துக்கொள்ளலாம். மாரி மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பாருங்கள். முடிவுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மலசலகூடக் குழியும் கிணற்றுக்கு நைட்ரேட் தரும் என்பதால், உங்கள் கிணற்றின் பழி முழுவதும் தோட்டத்துக்கு உரியதாக இராது. ஆனால் நாலைந்து வருடத் தாள்களை அடுக்கிப் பார்த்தால், உங்கள் தோட்டம் கிணற்றுக்கு என்ன செய்கிறது என்பது தெரியும்.

2021ஐ மறக்காமல் தொடங்குவது

இலங்கையில் இயற்கை விவசாயம் என்ற பேச்சை எடுத்தாலே 2021 நினைவுக்கு வரும். அந்த வருடம் மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் கமக்காரர் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்து அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு "சேதனப் பசளை" என்ற சொல்லே பல ஊர்களில் கசந்துபோனது. என் கணிப்பில் அந்தத் தடையை இயற்கை விவசாயம் என்று சொல்லவே கூடாது. ஒன்றை நிறுத்திவிட்டு, அதன் இடத்துக்கு வர வேண்டியதை வளர்க்காமல் விட்ட செயல் அது. நாடு ஒரே போகத்தில் செய்யப் பார்த்ததை ஒரு குடும்பமும் செய்யப் பார்க்கக்கூடாது.

எனவே காணி முழுவதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு ஏக்கர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: ஒன்றேகால் ஏக்கர் தென்னை, அரை ஏக்கர் மரக்கறி, மீதி வீடும் வளவும். தென்னைப் பகுதியை முதலில் மாற்றுங்கள். தென்னை பொறுமையான மரம். இன்று உரம் குறைந்தால் அதன் விளைவு காய்ப்பில் தெரிய ஒரு வருடத்துக்கு மேலாகும். அதற்குள் குழையும் எருவும் தயாராகிவிடும். மரக்கறியில் முதல் வருடம் கால் ஏக்கரை மட்டும் மாற்றி, அதில் கச்சான், பயிற்றை, மரவள்ளி, பூசணி போன்றவற்றைப் போடுங்கள். மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் மூன்றாம் வருடத்துக்கு ஒத்திவையுங்கள். இவை இரண்டும் பூச்சிக்கும் நோய்க்கும் பேர்போனவை. கடனும் இவற்றில்தான் அதிகம். முதல் வருடமே அவற்றில் கைவைத்து நட்டப்படுகிற குடும்பம் பிறகு இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாற்றிய பகுதிக்கும் மாற்றாத பகுதிக்கும் ஒரே தெளிகருவியைப் பயன்படுத்தினால் பின்னால் சான்றிதழ் வாங்கும்போது சிக்கல் வரும். இரண்டாவது தெளிகருவி ஒன்றை வாங்கி, நிறம் பூசி, வேறாக வையுங்கள்.

குழை எங்கிருந்து வரும்

மணலுக்கு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் குணம் இல்லை. அந்தக் குணத்தைக் கொடுப்பது அழுகி மக்கிய இலை தழை ஒன்றுதான். மக்கும் வேகமோ இந்த வெயிலில் மிக அதிகம். ஒரு வருடம் போட்டது அடுத்த வருடம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், காணிக்குள்ளேயே விளைய வைத்துப் போட வேண்டும். லொறியில் எரு இறக்கி நடத்தும் இயற்கைத் தோட்டம், எரு விலை ஏறும் வருடத்தில் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இது பரம்பரை அறிவு. பூவரசம் குழை, பனையோலை, வாதநாராயணி என்று கிடைத்ததை வெட்டிச் சாலில் போட்டு மண்ணால் மூடுவதைக் குழை தாழ்த்துதல் என்பார்கள். சணலை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவார்கள். இரவில் ஆடு மாடுகளைக் காணியில் பட்டி அடைத்து, பட்டியை நாளுக்கு நாள் நகர்த்துவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில் தோட்டம் செய்தவர்கள் பலர் இருந்தார்கள். உங்கள் ஊரில் அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் இருந்தால் போய்க் கேளுங்கள். எந்தக் குழை எத்தனை நாளில் மக்கும், எது கறையானை இழுக்கும் என்பதை அவர்கள் அளவுக்கு எந்தக் கையேடும் சொல்லாது.

இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே ஒரு முன்னோடியும் இருந்தார். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). 1950களில் இரு சக்கர உழவு இயந்திரத்தைப் பரப்பிய அதே மனிதர், பின்னாளில் இயந்திரமும் எண்ணெயும் இறக்குமதி உரமும் விவசாயியைக் கடனாளியாக்குவதைக் கண்டு வேறு பாதைக்கு வந்தார். நைஜீரியாவில் இபாடானிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில், மர நிரைகளுக்கு நடுவே உழாமல் பயிர் செய்யும் முறைகளில் வேலை செய்தார். திரும்பி வந்து, சிலாபத்தை அடுத்த காக்கப்பள்ளியவில் தம் தென்னந்தோட்டத்தில் அதைச் செய்து காட்டினார். அவர் நம்பிய மரம் கிளிரிசிடியா. நம்மில் பலர் கிளிசரியா என்றும் சீமைக்கிளுவை என்றும் சொல்லும் வேலி மரம்தான் அது. 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து வைக்கும் மரத்தை வேலிக்கும் விறகுக்கும் மட்டும் வைத்திருப்பது பெரிய வீண்.

கணக்கைப் பாருங்கள். காய்க்கும் தென்னைக்கு வருடத்துக்கு 800 கிராம் யூரியா போடுவது வழக்கம். அதில் உள்ள நைதரசன் சுமார் 370 கிராம். கிளிரிசிடியாவின் பச்சை இலையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் உலர்பொருள். அதில் நைதரசன் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு. ஆக மரம் ஒன்றுக்கு 50 கிலோ பச்சைக் குழை போட்டால் அந்த யூரியாவுக்கு ஈடாகிவிடும். எட்டு மீற்றர் இடைவெளியில் ஏக்கருக்கு 64 தென்னை. ஒன்றேகால் ஏக்கரில் 80. வருடத்துக்கு 4,000 கிலோ குழை வேண்டும். ஒரு கிளிரிசிடியா மரம் வருடத்துக்கு 5 கிலோதான் தரும் என்று குறைத்தே வைத்தாலும் 800 மரம். இரண்டு ஏக்கர் சதுரக் காணியின் சுற்றுவேலி ஏறத்தாழ 360 மீற்றர். அரை மீற்றருக்கு ஒன்று நட்டால் வேலியிலேயே 720 மரம் நிற்கும். மீதியைத் தென்னை நிரைகளுக்கு நடுவே வையுங்கள். தென்னையின் அடியிலிருந்து ஆறடி வட்டத்துக்குள் மட்டும் நடாதீர்கள்.

மணிக்கட்டுத் தடிப்பில் தடி வெட்டி முதல் மழையோடு ஊன்றினால் பிடித்துவிடும். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை இங்கே அடிக்கும் தென்மேற்குக் காற்றைத் தாங்க, விதையிலிருந்து வளர்த்த கன்றே நல்லது. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். மேற்கு வேலிக்குக் கன்று, மற்ற வேலிகளுக்குத் தடி என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு வருடம் வளர விட்டு, பிறகு இடுப்பளவு உயரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெட்டுங்கள். பூக்க விட்டால் இலை உதிர்ந்துவிடும்.

குழை ஒன்றே தென்னைக்குப் போதாது. தென்னை அதிகம் கேட்பது பொட்டாசியம். அது உங்கள் வீட்டு முற்றத்திலேயே குவிந்து கிடக்கிறது: பொச்சுமட்டை. தேங்காயோடு மண்ணிலிருந்து வெளியே போகும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மட்டையில்தான் இருக்கிறது. மட்டையைத் தும்பாலைக்கு விற்றுவிட்டுப் பொட்டாசியம் வாங்கப் போவது எனக்குச் சம்மதமே இல்லை. இரண்டு தென்னைக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டி, மட்டையின் உட்குழிவு மேலே பார்க்கும்படி ஒரு அடுக்கு, அதன் மேல் நாலு விரல் மண், மறுபடியும் மட்டை என்று அடுக்குங்கள். குழிவு மேலே இருந்தால்தான் மழைநீர் ஒவ்வொரு மட்டையிலும் தங்கும். கவிழ்த்து வைத்தால் வழிந்தோடிவிடும். ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், மட்டைக்குள் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். கோடையில் மற்றத் தோட்டங்களில் குரும்பட்டி கொட்டும்போது இந்தக் குழி தாங்கிக்கொடுக்கும்.

பொஸ்பரசுக்கு எப்பாவல பாறைப் பொஸ்பேற் இருக்கிறது. இயற்கையான கனிமம் என்பதால் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்படுகிறது. மெதுவாகக் கரையும், தென்னைக்குப் பொருந்தும், நாற்பது நாள் கீரைக்குப் பயன்படாது. மக்னீசியத்துக்கு டொலமைற். அளவுகளை லுணுவிலயிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகத்தில் கேட்டறியுங்கள். 1929இல் தொடங்கிய அந்த நிறுவகம் நம் மாவட்டத்திலேயே இருப்பது நமக்கு வாய்த்த பாக்கியம்.

மரக்கறிப் பாத்தியும் கோழி எருவும்

நமது வடமேல் மாகாணம் கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. கோழி எரு லோட் லோட்டாகக் கிடைக்கும். இயற்கை முறைக்கு மாறிய கையோடு பலரும் செய்வது அதை வாரிக் கொட்டுவதுதான். இங்கே கண்டிப்பாகச் சொல்கிறேன்: பச்சைக் கோழி எருவின் நைதரசனும் நைட்ரேட்டாகி, யூரியா போன வழியிலேயே கிணற்றுக்குள் இறங்கும். இயற்கை என்ற பெயர் கிணற்றுக்குத் தெரியாது. ஐரோப்பிய இயற்கை விவசாய விதிகள் கால்நடை எருவிலிருந்து ஹெக்டேயருக்கு வருடத்துக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் போடக்கூடாது என்கின்றன. கோழி எருவில் நைதரசன் நூற்றுக்கு இரண்டரை என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் தொன். கால் ஏக்கருக்கு 700 கிலோவுக்குக் கீழே. அதுவும் ஒரே தடவையில் அல்ல, போகத்துக்குப் போகம் பிரித்து. கூட்டில் அடைத்து வளர்க்கும் பெரும் பண்ணைகளின் எருவை அந்த விதிகள் ஏற்பதும் இல்லை. ஆட்டெரு கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள்.

எந்த எருவையும் குழை, வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றோடு அடுக்கி, நனைத்து, இரண்டு மூன்று தடவை புரட்டி, சூடு தணிந்து மண்வாசனை வந்த பிறகே பாத்தியில் இடுங்கள். புதிய தும்புத்தூளைப் பாத்தியில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். மக்காத தும்புத்தூள் மக்குவதற்காக மண்ணிலுள்ள நைதரசனைத் தான் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். அதைப் பாத்தியின் மேல் மூடாக்காகப் போட்டால் நீரைக் காக்கும்.

கற்பிட்டித் துறைகளில் மீன்கழிவு கிடைக்கும். கழிவுக்குச் சம எடை சர்க்கரை அல்லது கரும்புப் பாகு சேர்த்து மூடி, மூன்று நாலு வாரம் புளிக்க வைத்து, பத்து லீற்றர் தண்ணீருக்கு 50 மில்லிலீற்றர் கலந்து தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவை எடுக்காதீர்கள். உப்பு ஏறிய தண்ணீரோடு போராடும் மண்ணுக்கு இன்னும் உப்பு வேண்டாம். இப்படியான கரைசல்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்த பஞ்சகவ்யமும் பயிரை ஊக்கப்படுத்தும். ஆனால் அவை ஊறுகாய் மாதிரி. சோறு எருவும் குழையும்தான்.

பூச்சிக்கு என் முதல் தெரிவு வேப்பங்கொட்டைக் கரைசல். பழம் விழும் காலத்தில் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் சேமியுங்கள். ஈரமாகக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். லீற்றருக்கு 50 கிராம் பருப்பு. 16 லீற்றர்த் தெளிகருவிக்கு 800 கிராம். உரலில் இடியுங்கள், அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் எண்ணெய் கசிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். இடித்த மாவைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற விட்டு, பால் நிறம் வருவது நிற்கும் வரை பிழிந்தெடுங்கள். கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் இலையில் ஒட்டும். வெயில் அதன் வீரியத்தை முறிப்பதால் பின்னேரம் தெளியுங்கள்; கலந்த அன்றே தெளித்து முடியுங்கள். மறுநாள் பூச்சி செத்து விழுந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது பூச்சியின் தீனியையும் வளர்ச்சியையும் தடுக்கிறது; வாரம் ஒரு தடவை தொடர்ந்தால் எண்ணிக்கை குறையும்.

மிளகாய் இலை சுருளலுக்கு இது மட்டும் போதாது. நாற்றை வலைக்குள் வளர்த்து, காணியைச் சுற்றி மூன்று நிரை சோளம் மிளகாய்க்கு ஒரு மாதம் முந்தி விதைத்துவிடுங்கள். காற்றில் வரும் வெண்ஈயும் பேனும் அங்கே தடைப்படும். பக்கத்துக் காணிக்காரர் அடிக்கும் மருந்தின் சாரலும் அங்கே தடைப்படும். வெங்காயத்துக்குப் பின்னேரத்தில் ஸ்பிரிங்ளர் போடாதீர்கள். இலை இரவெல்லாம் நனைந்திருந்தால் நோய் பரவும்.

வேலை யார் தலையில்

இதை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. களைநாசினி நின்றால் களை பிடுங்குவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எருக் குவியலை நனைப்பதும், வேப்பங்கொட்டை இடிப்பதும் அவர்கள் கைக்கே போய்ச் சேரும். முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவு ஒரு போகத்துக்கு மேல் நிற்காது. எந்தப் பாத்தி, எவ்வளவு, எந்தப் பயிர் என்பதை வேலை செய்கிறவர் தீர்மானிக்கட்டும். காசும் அவர் கைக்குக் கொஞ்சம் வரட்டும். முதல் இரண்டு வருடம் மரக்கறி விளைச்சல் குறையும் என்பதையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வருடமும் நகை அடகு வைத்துப் பயிர் செய்ய வேண்டாம்.

விற்பதும் சான்றும்

நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்திலோ தம்புள்ளையிலோ உங்கள் கத்தரிக்காய் மற்றக் கத்தரிக்காயோடு ஒரே குவியலில் விழும், ஒரே விலைதான். கூடுதல் விலை வேண்டுமானால் உண்பவரையே நேரில் தேட வேண்டும். ஆலங்குடா, கண்டக்குழிப் பக்கத்து விடுதிகள், புத்தளத்து வீடுகள், கொழும்பில் 2012இல் தொடங்கிய குட் மார்க்கெட் போன்ற சந்தைகள் இதற்கு வழி. வாரம் ஒரு பெட்டி என்று பத்து வீடு பிடித்தால் கால் ஏக்கருக்கு அதுவே போதும். இந்த அளவு விற்பனைக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் தேவையில்லை. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் காணியை ஒருவர் பார்வையிட்டு, வாங்குகிறவரையும் அழைத்துக் காட்டி உறுதி தரும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைந்தது. பக்கத்துத் தோட்டக்காரரே சோதிக்க வருவதால் ஏமாற்றுவதும் கடினம்.

தேங்காய் வேறு கதை. குளியாப்பிட்டியிலுள்ள செரண்டிபோல் போல, இயற்கைத் தேங்காயை வாங்கி எண்ணெயாக்கி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் தென்னை முக்கோணத்தில் இயங்குகின்றன. அவர்களுக்கு விற்க முழுச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முந்திய இரண்டு வருடமும், தென்னை போன்ற மரப்பயிருக்கு அறுவடைக்கு முந்திய மூன்று வருடமும் காணி தடைப் பொருள் படாமல் இருக்க வேண்டும். அமெரிக்க விதியில் எல்லாப் பயிருக்கும் 36 மாதம். தனிக் குடும்பம் கட்டணம் கட்டி மாளாது. குழுச் சான்றிதழில் சேருங்கள். புதிய ஐரோப்பிய விதிகளில் ஒரு குழுவில் 2,000 பேர் வரை இருக்கலாம். ஐந்து ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் பன்னிரண்டு ஏக்கருக்கு, உட்பட்ட காணிக்காரருக்குச் சேர்வது எளிது. எந்தச் சான்று எந்த நாட்டுக்குச் செல்லும் என்பதை ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். சான்றின் பெயர் யாருடையது என்றும் கேளுங்கள்: வாங்கும் நிறுவனத்தின் பெயரில் சான்று இருந்தால் அதே தேங்காயை வேறொருவருக்கு இயற்கைத் தேங்காய் என்று விற்க முடியாது.

மூன்று வருடக் கணக்கு ஐரோப்பிய விதியில் பொதுவாகச் சான்று நிறுவனத்தில் பதிந்த நாளிலிருந்தும், அமெரிக்க விதியில் நீங்கள் கடைசியாக மருந்தோ உரமோ இட்ட நாளிலிருந்தும் ஓடத் தொடங்குகிறது. கடைசியாக இட்ட நாளை எழுதி வைத்திராவிட்டால் பரிசோதகர் தாம் வந்த நாளிலிருந்து எண்ணக்கூடும். ஆகவே இன்றே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் காணியின் வரைபடத்தைக் கீறி, எந்தத் துண்டில் கடைசியாக என்ன இட்டீர்கள், எப்போது என்று எழுதி, விவசாயப் போதனாசிரியரிடம் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வாங்கிய எரு, விதை ஒவ்வொன்றின் பற்றுச்சீட்டையும் அதே கொப்பியில் ஒட்டி வாருங்கள். விதைப் பொதியில் இளஞ்சிவப்பு அல்லது நீல மருந்துப்பூச்சு இருந்தால் அது மருந்தூட்டிய விதை. அந்தப் பொதியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்தில்லாத விதை கேளுங்கள்.